கண் திறக்க ஆகும் நேரம்

பாடாங் செராயில் மழைக்கு முன்
பால் வாடையும் குளோரின் வாடையும்
ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும்.
நான்காம் லைனில்
பீங்கான் கைகள் வருகின்றன
யாரையும் கும்பிடாமல்,
விரல் ஐந்தும் கீழே தொங்க,
நொடிக்குப் பத்து.

ஒரு கைக்கு நான்கு படம்.
ஒரு படத்துக்கு இருபத்தைந்து மில்லிநொடி.
அதற்குள் ஓட்டை உண்டா இல்லையா
சொல்லிவிட வேண்டும்.
லைன் யாருக்காகவும் நிற்பதில்லை,
முதலாளி வந்தாலும்.

இரண்டு பெட்டிகள் வந்திருக்கின்றன.
இரண்டுமே என் சோற்று டப்பாவைவிடச் சிறியவை.
கறுப்புப் பெட்டி: எட்டு.
சாம்பல் பெட்டி: பத்தொன்பது.
பத்தாயிரம் படங்களின் சராசரி.
விற்க வந்த கோ கியான் வெய்
எட்டை மட்டும் நான்கு முறை சொன்னார்.
"எட்டுதானே சின்னது, பிறகென்ன ஆராய்ச்சி?"
என்றார் ஷம்சூல்.

சராசரி நல்ல பிள்ளை,
விருந்தாளி முன்னால் அழாது.
நான் அதன் வீட்டுக்கு
மதியம் இரண்டு மணிக்குப் போனேன்.
அடுப்புச் சுரங்கத்தின் ஓரம்,
நாற்பத்தொரு டிகிரி.
கறுப்புப் பெட்டிக்கு வேர்க்கத் தெரியாது;
மூச்சைக் குறைத்துக்கொண்டது.
எட்டு, ஒன்பது, பதினான்கு,
திடீரென்று அறுபத்தொன்று.
படங்கள் வரிசை கட்டி நின்றன,
சம்பள நாளில் பேங்க் வாசல் மாதிரி.
தீர்ப்பு வந்தது. சரியான தீர்ப்புதான்.
அதற்குள் ஓட்டைக் கை போய்விட்டது.
காற்றுக்குழாய் ஊதித் தள்ளியது
பின்னால் வந்த நல்ல கையுறையை.

சாம்பல் பெட்டி
காலையில் பத்தொன்பது.
சூட்டில் பத்தொன்பது.
அதைப் பற்றிக் கவிதை எழுத
ஒன்றுமே இல்லை.

நாலரைக்கு இடி.
விளக்குகள் ஒரு தரம் இமைத்தன.
லைனுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, ஓடியது.
பெட்டிகளை மட்டும்
சுவர் ஓரத்து ஒட்டுச் சாக்கெட்டில்
நான்தான் சொருகியிருந்தேன்.
இரண்டும் விழுந்து எழுந்தன.
சாம்பல் ஆறாவது நொடியில் பார்த்தது.
கறுப்பு தன் கம்பெனிப் பெயரைக் காட்டியது,
ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது,
மறுபடி பெயரைக் காட்டியது.
நாற்பத்தெட்டு நொடி.
அன்று காற்றுக்குழாயின் கயிறு
கறுப்பின் கையில்.

நானூற்றெண்பது கையுறைகளைக்
கூடையில் அள்ளி வந்தோம்,
நானும் டேக் பகதூரும்.
பேக்கிங்கிலிருந்து அஞ்சலாட்சி அக்கா வந்தார்.
ஒவ்வொன்றிலும் காற்றை அடைத்து
மணிக்கட்டைத் திருகிக்
கன்னத்தருகே பிடித்தார்.
கசியும் காற்று தோலில் படுமாம்.
"என் நேரத்தையும் எழுதினியா?"
"மூணுக்கா."
"மில்லியா?"
"இல்லக்கா, முழு நொடி."
"பரவாயில்லையே" என்று
அடுத்ததை எடுத்தார்.

மூன்று ஓட்டைகள் கிடைத்தன.
இரண்டைச் சாம்பல் பெட்டி
தன் குறிப்பேட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தது,
ஊதத்தான் குழாய் இல்லை அதற்கு.
மூன்றாவது,
சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிரியும் இடத்தில்,
மிளகு விதையில் பாதி.
அது முதல் ஆறு நொடிக்குள் வந்தது.

இரவு அட்டவணையில்
இன்னொரு கட்டம் சேர்த்தேன்:
கண் திறக்க ஆகும் நேரம்.
நாற்பத்தெட்டு. ஆறு.
ஷம்சூல் எட்டிப் பார்த்து
"அப்போ சாம்பல் ஜெயிச்சிருச்சு" என்றார்.
ஆறு நொடி, அறுபது கை என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை;
தகரக் கூரையில் அப்படி மழை.

நாளைக்கு
ஒரு பேட்டரி கேட்டுக்
கடிதம் எழுத வேண்டும்.